நெஞ்சு படபடக்கும்போது: ‘இருதயம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஈ.சி.ஜி. தாளைப் பார்த்துவிட்டு, “இருதயத்தில ஒரு பிரச்சினையும் இல்லை, நீங்கள் வீட்டுக்குப் போகலாம்” என்று வைத்தியர் சொன்னதும் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நிறுத்திய சைக்கிளைப் பிடித்தபடி, “அப்ப இரவு என்ர நெஞ்சுக்குள்ள நடந்தது என்ன?” என்று யோசித்துக்கொண்டு நின்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலங்கையின் வடக்கே, போர் நடந்த வன்னியில் அப்படி நின்றவர்கள் பலரை அறிவேன். நானும் நின்றிருக்கிறேன்.

நான் வைத்தியன் அல்லன். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிப்பவன். 2013 தொடக்கம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இந்தப் படபடப்போடு நித்திரையின்றிக் கிடந்து, பிறகு முறையான உதவி கிடைத்து மீண்டேன். அதன்பின் இதே முறைப்பாட்டோடு வந்த உறவினர், அயலவர், பழைய மாணவர் ஆகியோருக்குத் துணையாகக் கிளினிக் வாங்குகளில் பல காலைகள் காத்திருந்திருக்கிறேன். அங்கே நான் கண்டது இது: ‘ஒன்றுமில்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு வீட்டுக்குப் போனவர் அடுத்த கிழமையே திரும்பி வருகிறார், நெஞ்சுக்குள் நடந்தது என்ன, அடுத்த முறை வந்தால் என்ன செய்வது என்ற இரண்டையும் விளங்கிக்கொண்டு போனவர் பெரும்பாலும் வருவதில்லை. அந்த இரண்டையும் படிப்படியாகச் சொல்வதே என் நோக்கம்.

முதற்படி: ஒருமுறை ஒழுங்காகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்

இன்னும் ஒரு வைத்தியரையும் பார்க்காதவர்கள் இதற்கடுத்த படிகளுக்குப் போக வேண்டாம். ‘இது மனப்பயம்தான்’ என்று நாமே தீர்மானிப்பதும், அயலவர் தீர்மானிப்பதும் ஆபத்தானவை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் ஈ.சி.ஜி. எடுக்கலாம், அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. கையிலும் காலிலும் நெஞ்சிலும் பத்து இடங்களில் இணைப்புகளை ஒட்டிச் சில விநாடிகளுக்கு இருதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் வரைந்தெடுப்பதுதான் ஈ.சி.ஜி. அதில் வலியும் இல்லை, உடம்புக்குள் மின்சாரம் செலுத்தப்படுவதும் இல்லை. அந்தத் தாளில் ஒரு போட்டோப் பிரதி எடுத்து உங்கள் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறொரு வைத்தியர் பார்க்கும்போது, பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது புதிய தாளைத் தனியே பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

இருதயம் நலமாக இருந்தும் அதை வேகமாக ஓடவைக்கும் உடல்நலக் குறைகள் சில உண்டு. இரத்தச்சோகை, தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரத்தல், காய்ச்சல், உடம்பில் நீர் வற்றுதல், பொட்டாசியம் போன்ற உப்புகளின் குறைவு, நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சீனி திடீரென இறங்குதல் என்பன அவற்றுள் முக்கியமானவை. மாதவிடாயில் அதிக இரத்தம் போகும் பெண்கள் அதை வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்; எங்கள் பகுதியில் பல பெண்களின் படபடப்புக்குப் பின்னால் இரத்தச்சோகை இருந்ததைக் கண்டிருக்கிறேன். கர்ப்பமாக இருப்பவர்கள் தங்கள் பகுதி மருத்துவமாதுவிடமும் சொல்லுங்கள். சிறுவயதில் மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் வந்து, மாதாமாதம் பென்சிலின் ஊசி போட்ட கதை உங்களுக்கு இருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். அந்த வாதக்காய்ச்சல் இருதய வால்வுகளைப் பாதித்திருக்கக் கூடும் என்பதால், அப்படிப்பட்டவருக்கு எக்கோ, அதாவது ஒலியலையால் இருதயத்தைப் படமாகப் பார்க்கும் பரிசோதனை, தேவைப்படலாம்.

வைத்தியருக்கு முன்னால் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஆகவே போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் நீடித்தது, தலைசுற்றோ மயக்கமோ வந்ததா, என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்தார்களா. துடிப்பு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியாவிட்டால், மேசையில் விரலால் தட்டிக் காட்டுங்கள். ஒழுங்கான வேகமா, தாறுமாறான ஓட்டமா, இடைக்கிடை ஒரு துள்ளலா என்பதை அந்தத் தட்டலே வைத்தியருக்குச் சொல்லிவிடும்.

கீழ்வரும் நிலைமைகளில் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு உடனே புறப்பட வேண்டும்: படபடப்போடு மயங்கி விழுதல், நெஞ்சை அமுக்குவது போன்ற நோவு தோள், கை, தாடை, முதுகுப் பக்கம் பரவுதல், அதோடு வியர்த்துக் கொட்டுதல், இருந்த இடத்திலேயே மூச்சு எடுக்க முடியாமை, ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ படபடப்போடு மயக்கம் வருதல், ஏற்கெனவே இருதய நோய் இருப்பவருக்குப் புதிதாகப் படபடப்பு வருதல். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பாம்பு கடித்தவரை ஏற்றுவதுபோல மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டு ஓடாமல், முதலில் அந்த இலக்கத்துக்கு அழையுங்கள். மின்விளக்கின் சுவிச்சைப் போட்டதுபோல ஒரே கணத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு 150க்கு மேல் அடித்து, அதேபோல ஒரே கணத்தில் நிற்கும் படபடப்பும் தனியாகக் கவனிக்க வேண்டியது. அது இருதயத்தின் மின்னிணைப்பில் உள்ள ஒரு குறுக்குவழியால் வரக்கூடும், அதற்கு நல்ல சிகிச்சையும் உண்டு. பயத்தால் வரும் படபடப்பு பெரும்பாலும் படிப்படியாக ஏறிப் படிப்படியாகவே இறங்கும்.

இரண்டாம் படி: நெஞ்சுக்குள் நடப்பதை விளங்கிக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக அவசரப்பட வேண்டாம்; என்னை மீட்டது மருந்தைவிட இந்த விளக்கம்தான் என்று நம்புகிறேன்.

இருதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை துடிக்கிறது. வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது வழமை. ஆபத்து என்று மூளை கருதினால், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன, நரம்புகளும் இருதயத்தைத் தூண்டுகின்றன, துடிப்பு 120, 130 என்று ஏறுகிறது, மூச்சு வேகமாகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது, வயிறு கலங்குகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு தன்னை ஆயத்தப்படுத்தும் ஒழுங்கு இது. 2009இல், போரின் கடைசி மாதங்களில், செல் (எறிகணை) வரும் சத்தம் கேட்டதும், யோசிப்பதற்கு முன்னரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்களைப் பங்கருக்குள் பாயவைத்தது இந்த ஒழுங்குதான். அது எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அப்படி மாதக்கணக்காக விழித்திருந்த எச்சரிக்கை மணி, ஆபத்து நீங்கிய பின்னரும் சின்னச் சத்தத்துக்கே அடிக்கப் பழகிவிடுகிறது: கலியாண வீட்டு வெடி, தாழப் பறக்கும் ஹெலிகொப்டர், கண்ணிவெடி அகற்றுவோர் எங்கோ வெடிக்கவைக்கும் ஓசை, இரவு பதினொரு மணிக்கு வெளிநாட்டிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு. கடன் வசூலிப்பவரின் மோட்டார் சைக்கிள் சத்தமும் அதே மணியை அடிக்கும். போர் முடிந்த மே மாதம் வந்தாலே அது அடிக்கடி அடிக்கும். போரைக் காணாத இளையவர்களுக்கும், உயர்தரப் பரீட்சைக்கு முன்னும் வேலையில்லாத காலத்திலும் இது வருகிறது. காரணம் வேறு, உடம்பின் ஒழுங்கு ஒன்றே.

இது எங்களுக்கு மட்டும் வந்ததும் அல்ல, இன்று நேற்று வந்ததும் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த படையினர் பலர் படபடப்பு, நெஞ்சுநோ, மூச்சுமுட்டல் என்று முறையிட்டதையும், அவர்களின் இருதய அமைப்பில் அதற்கேற்ற நோய் காணப்படாததையும் ஜேக்கப் மென்டிஸ் டா கொஸ்டா என்ற வைத்தியர் 1871இல் விரிவாக எழுதினார். அவர்கள் நடிக்கவில்லை, அவர்களின் இருதயம் உண்மையாகவே வேகமாக அடித்தது. உங்களுடையதும் அப்படித்தான். ‘சும்மா நினைப்பு’ என்று யாராவது சொன்னால் மனம் நோக வேண்டாம். துடிப்பு உண்மை, அட்ரினலின் உண்மை, ஆபத்து மட்டுமே அங்கே இல்லை.

இனி, பலரையும் அதிகம் மிரட்டும் ஒன்றைச் சொல்கிறேன். ‘நெஞ்சு ஒருக்கா நிண்டுபோய், பிறகு டக்கெண்டு ஒரு உதை உதைச்சுது’ என்பார்கள். அங்கே இருதயம் நிற்கவில்லை. வழமையான நேரத்துக்குச் சற்று முன்பே ஒரு துடிப்பு வந்துவிடுகிறது. முந்தி வந்ததால் அது மெலிந்திருக்கும், நாடியில் தெரியாது. அதன்பின் சிறிய இடைவெளி. அந்த இடைவெளியில் இருதய அறைக்குள் வழமையைவிடக் கூடுதலான இரத்தம் சேர்கிறது. அதைத் தள்ளும் அடுத்த துடிப்பு பலமாக உதைக்கிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: வாய்க்காலைக் கொஞ்ச நேரம் மறித்துவிட்டு மண்வெட்டியால் வெட்டிவிட்டால், முதலில் வரும் தண்ணீர் பாய்ந்து வரும், பிறகு தன் போக்கில் ஓடும். அமைப்பில் நலமான இருதயத்திலும் இந்த முந்திய துடிப்புகள் மிகச் சாதாரணம். 24 மணித்தியாலம் தொடர்ந்து பதிவு செய்தால் நலமான பலரிடமும் காணலாம். பெரும்பாலானோர் அதை உணர்வதே இல்லை. இடப்பக்கம் சரிந்து படுத்தால் இருதயம் நெஞ்சுச் சுவருக்கு நெருங்குவதால் கூடுதலாக உணரப்படும்; காது தலையணையில் அழுந்தும்போது கேட்கும் ‘டப் டப்’ ஓசையும் வழமையான துடிப்பின் ஓசைதான்.

சோளகக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்துக்கொண்டு வயலுக்குப் போகும்போது உங்கள் இருதயம் 130க்கு மேல் அடிக்கும். நீங்கள் பயப்படுவதில்லை, ஏனென்றால் காரணம் தெரியும். அதே 130 பாயில் படுத்திருக்கும்போது வந்தால், காரணம் தெரியாததால் பயம் வருகிறது. அந்தப் பயத்துக்கு மேலும் அட்ரினலின் சுரக்கிறது. துடிப்பு இன்னும் ஏறுகிறது. ‘இது மாரடைப்புத்தான்’ என்ற எண்ணம் உறுதியாகிறது. தன்னைத்தானே சுற்றிச் சுற்றிப் பெருக்கும் இந்த வளையத்தை எங்கே அறுப்பது என்பதுதான் அடுத்த படிகளில் வருவது.

மூன்றாம் படி: வந்துவிட்டால், அந்த அரை மணித்தியாலம்

பயத்தின் அலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, இருபது முப்பது நிமிடத்துக்குள் தணிகிறது. அட்ரினலின் இரத்தத்தில் நெடுநேரம் தங்காது. ஆகவே படபடப்பை அடக்குவது உங்கள் வேலையல்ல. அது தானாக இறங்கும்வரை அதற்கு விறகு போடாமல் இருப்பதே வேலை.

முதலில் இருங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் நிலத்தில் படும்படி இருப்பது நல்லது. கழுத்துப் பொத்தானைத் தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு மெதுவாக, வாய்விட்டே சொல்லுங்கள்: “இது எனக்குத் தெரிந்த படபடப்பு. டொக்டர் பார்த்தவர். கொஞ்ச நேரத்தில இறங்கும்.” இதைச் சொல்வதால் துடிப்பு உடனே குறையாது, ஆனால் அந்த வளையத்தின் ஒரு கண்ணி அங்கே தளர்கிறது.

அடுத்தது மூச்சு. பயத்தில் நாம் காற்றை இழுத்து இழுத்து விடுகிறோம். அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றிய பகுதியும் விறைக்கின்றன, தலை இலேசாகிறது, நெஞ்சு இறுகுகிறது, ‘காற்றுப் போதவில்லை’ என்று தோன்றுகிறது. உண்மையில் அங்கே காற்று கூடிவிட்டது. ஆகவே பெரிய மூச்சு எடுக்காதீர்கள். வாயை மூடி, மூக்கால் நான்கு எண்ணும்வரை மெல்ல உள்ளே எடுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுங்கள். வயிறு மேலெழ வேண்டும், தோள் எழக் கூடாது. மூச்சை உள்ளே எடுக்கும்போது இருதயம் சற்று வேகமாகவும் வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிப்பது அதன் இயல்பு. வெளிமூச்சை நீட்டுவதன் பயன் அதில்தான் இருக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் பத்து நிமிடம் தொடருங்கள். முன்னொரு காலத்தில் சொல்லப்பட்டதுபோலக் கடதாசிப் பைக்குள் மூச்சு விட வேண்டாம். உண்மையான நெஞ்சு வருத்தம் இருப்பவருக்கு அது தீங்காகும்.

இந்த மூச்சை வருத்தம் வந்த பிறகு முதன்முதலாகச் செய்து பார்ப்பவருக்கு அது கைகொடுக்காது. வெள்ளம் வந்த பிறகு நீச்சல் பழக முடியாது. மாலையில் விளக்கு வைத்த பின் பத்து நிமிடம், காலையில் எழுந்ததும் ஐந்து நிமிடம் என்று, மனம் அமைதியாக இருக்கும் நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

மூச்சு ஓரளவு சீரானதும் கவனத்தை நெஞ்சிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். கிணற்றுத் தண்ணீரை முகத்தில் அடித்துக் கழுவலாம். கூரையில் எத்தனை வளை, எத்தனை சலாகை என்று எண்ணலாம். 2014ஆம் ஆண்டு மாரி காலத்து இரவொன்று நினைவில் இருக்கிறது. இரண்டு மணி. பாயில் எழுந்திருந்து மணிக்கட்டைப் பிடித்தபடி சுவர் மணிக்கூட்டின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 118, பிறகு 124, பிறகு 131. ஒவ்வொரு எண்ணும் அடுத்த எண்ணை ஏற்றிவிட்டது. என் தாயார் எழுந்து வந்து ஒன்றும் கேளாமல் என் மணிக்கட்டிலிருந்து மற்றக் கையை விலக்கி, ஒரு சுளகில் பயறைக் கொட்டி, “கல்லுப் பொறுக்கு” என்று முன்னால் வைத்தார். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் பயற்றுக்குள் கல்லைத் தேடித் தேடிப் பொறுக்கி முடித்தபோது, நெஞ்சு எப்போது அடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

நான்காம் படி: தூண்டுபவற்றைக் குறைத்தல்

தேத்தண்ணீரும் கோப்பியும் கஃபீன் உள்ளவை. ஒரு நாளைக்கு ஐந்தாறு கோப்பை குடிப்பவர்கள் இரண்டாகக் குறைத்துப் பாருங்கள், பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு தவிருங்கள். சடுதியாக நிறுத்தினால் தலையிடி வரும், படிப்படியாகக் குறையுங்கள். கடைகளில் விற்கும் ‘எனர்ஜி’ பானங்களை முற்றாக விட்டுவிடுங்கள். பரீட்சைக்குக் கண்விழிக்கும் பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்கிறேன். சிகரெட், சுருட்டு, புகையிலை சேர்த்த வெற்றிலை ஆகிய மூன்றிலும் உள்ள நிக்கொட்டின் இருதயத்தை விரட்டும். கசிப்போ (கள்ளச்சாராயம்) சாராயமோ நித்திரை தருவதுபோலத் தோன்றினாலும் விடியற்காலையில் படபடப்பை இரட்டிப்பாக்கும். ஆனால் நாள்தோறும் அதிகம் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அதை வைத்தியரின் துணையோடு செய்ய வேண்டும்.

வைகாசி வெயிலில் விரதமிருந்து வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்து போகிறவர்களுக்கும், அறுவடை நாளில் தண்ணீர் குடிக்க மறந்து நிற்பவர்களுக்கும் நீர் வற்றியே படபடப்பு வரும். தண்ணீர் குடியுங்கள், வியர்வை அதிகம் போனால் உப்பிட்ட மோர் அல்லது கஞ்சி நல்லது. சிறுநீரக நோயோ உயர் இரத்த அழுத்தமோ இருப்பவர்கள் உப்பையும் நீரின் அளவையும் தங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவுக்குப் பாவிக்கும் நீல நிற இன்ஹேலரும், சில தடிமன் மருந்துகளும், தைரொயிட் குறைவுக்கு எடுக்கும் தைரொக்சின் குளிசை அளவு கூடினால் அதுவும் படபடப்பைத் தரலாம். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: சரிபார்ப்பதையும் ஒதுங்குவதையும் விடுதல்

எல்லாப் படிகளிலும் கடினமானது இதுவே. இதைச் செய்யாதவர்கள் மற்ற எல்லாவற்றையும் செய்தும் மீளாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நாடி பிடித்துப் பார்ப்பது, பிரஷர் மெசினை வீட்டில் வாங்கி வைத்து நாளுக்குப் பத்துத் தடவை அழுத்துவது, கைத்தொலைபேசியில் இருதய வருத்தம் பற்றிய காணொளிகளை இரவிரவாகப் பார்ப்பது, ‘இன்னும் ஒரு எக்கோ எடுத்தால் நிம்மதி’ என்று யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறுவது ஆகிய எல்லாமே சில மணித்தியால ஆறுதலைத் தந்துவிட்டுச் சந்தேகத்தை இன்னும் பெரிதாக்கிக் கொண்டுவரும். நான் ஒரே ஆண்டில் ஐந்து ஈ.சி.ஜி. எடுத்தேன். ஐந்தும் ஒன்றுபோலவே இருந்தன. இரண்டாவது தாளிலேயே நான் நின்றிருக்க வேண்டும். ஆகவே ஒரு வரையறை வைத்துக்கொள்ளுங்கள்: வைத்தியர் கேட்டாலன்றி நாடி பார்ப்பதில்லை, முன்னில்லாத புது அறிகுறி வந்தாலன்றிப் புதுப் பரிசோதனை கேட்பதில்லை. முதற்படியில் சொன்ன ஆபத்து அறிகுறிகள் வந்தால் இந்த வரையறை செல்லாது. பார்க்க வேண்டும் என்று கை துடிக்கும்போது, முதல் நாள் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள், அடுத்த கிழமை அரை மணித்தியாலம். அந்தத் தவிப்பும் அலைபோல ஏறி இறங்குவதைக் காண்பீர்கள்.

அதேபோல, படபடப்பு வந்த இடங்களையெல்லாம் ஒதுக்கத் தொடங்கினால் உலகம் ஒரு வளவுக்குள் சுருங்கிவிடும். புதுக்குடியிருப்பில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் பரந்தன் வீதியில் பஸ் ஏறவே மாட்டார். ஒருமுறை பஸ்ஸுக்குள் நெஞ்சு படபடத்து இறங்கி ஓடியவர், ஒன்றரை வருடம் கிளிநொச்சிப் பக்கமே போகவில்லை. உளநலப் பிரிவில் அவருக்குச் சொல்லிக் கொடுத்த முறை எளியது. முதற்கிழமை மகளோடு உடையார்கட்டு வரை, அது பழகிய பின் விசுவமடு, பிறகு தர்மபுரம், பிறகு பரந்தன், கடைசியில் தனியே. ஒவ்வொரு பயணத்திலும் பயம் பத்துக்கு எத்தனை என்று பஸ் ரிக்கற்றின் பின்புறத்தில் எழுதி வைத்தார். அந்த ரிக்கற்றுகளைத் தையல் பெட்டிக்குள் இருந்து எடுத்து எனக்குக் காட்டினார்: 9, 9, 8, 6, 7, 4. இடையில் ஆறு ஏழாகியதைக் கவனியுங்கள். அப்படி ஏறுவதும் வழமை, அதற்காக விட்டுவிடக் கூடாது. ஒரு நிபந்தனை மட்டும் முக்கியம்: பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடாமல், அது பாதியாகும்வரை இருக்க வேண்டும். நடுவழியில் இறங்கினால், ‘இறங்கியதால்தான் தப்பினேன்’ என்று மூளை தவறாகப் படித்துக்கொள்கிறது.

வைத்தியர் ‘இருதயம் நலம்’ என்று சொன்னவர்கள், துடிப்பை வேண்டுமென்றே ஏற்றியும் பழகலாம். முற்றத்தில் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுங்கள், நெஞ்சு அடிக்கட்டும், பின்னர் இருந்து, அது தானாக இறங்குவதைப் பாருங்கள். வேகமான துடிப்பும் ஆபத்தும் ஒன்றல்ல என்பதை உடம்பே கற்றுக்கொள்ளும். நாள்தோறும் அரை மணித்தியாலம் வேகமாக நடப்பதும் நன்மை தரும்.

போரில் கண்ட ஏதோ ஒரு காட்சி, ஓர் இடம், ஒரு வாடை உங்கள் படபடப்பைத் தூண்டுகிறதென்றால், அதைத் தனியே எதிர்கொள்ள முயல வேண்டாம். காணாமற்போன ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கும் வீட்டில், இந்தப் படபடப்போடு ஆறாத துக்கமும் கலந்திருக்கும். அங்கே பழக்கப்பட்ட ஒருவரின் துணை தேவை.

ஆறாம் படி: உதவி கேட்டல்

மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. 1926 என்ற இலக்கம் தேசிய உளநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி. “எனக்கென்ன விசரோ, அங்க போக?” என்று நானும் கேட்டவன்தான். அந்தக் கிளினிக்கின் வாங்கில் என்னோடு இருந்தவர்கள் ஒரு கடைக்காரர், ஒரு கர்ப்பிணி, வயலிலிருந்து நேரே வந்த ஒரு முதியவர். எல்லோரும் நித்திரையில்லாதவர்கள், அவ்வளவுதான். படபடப்பு கிழமைக்கு ஒருமுறையாவது வந்து வேலையையோ, நித்திரையையோ, பயணத்தையோ கெடுக்கிறதென்றால் போவதற்கு அதுவே போதிய காரணம். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் பிந்த வேண்டாம்.

பேச்சுவழிச் சிகிச்சைகளில், எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றப் பழக்கும் முறை இந்த வருத்தத்துக்கு நன்றாக வேலை செய்வதாக நிறுவப்பட்டிருக்கிறது. ஐந்தாம் படியில் சொன்னவை அதன் பகுதிகளே. மருந்து தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். பதகளிப்பைக் குறைக்க நாள்தோறும் எடுக்கும் குளிசைகள் முழுப் பயன் தரச் சில கிழமைகள் செல்லும். முதல் நாட்களில் சற்றுப் பதற்றம் கூடலாம். நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. புரோப்ரனலோல் துடிப்பைக் குறைக்கும், ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்து. முட்டு வருத்தம் இருந்தால் முதலில் சொல்லுங்கள். டயசிபாம் உடனே அமைதி தரும், ஆனால் தொடர்ந்து எடுத்தால் அதற்கு அடிமையாகிவிடுவோம் என்பதால் குறுகிய காலத்துக்கு மட்டுமே கொடுக்கப்படும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த குளிசையை வாங்கிப் போடும் பழக்கம் எங்கள் ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

படபடப்பு வந்தவரைச் சுற்றிப் பத்துப்பேர் நின்று விசிறுவதும், ஒருவர் தலையில் எண்ணெய் வைப்பதும், ஒருவர் அழுவதும் அவர் பயத்தை உறுதிப்படுத்தும். ‘ஒண்டுமில்லை, சும்மா பயப்பிடுறாய்’ என்று ஏசுவதும் அதே அளவு தீங்கு. ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள். முதற்படியில் சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை கேளுங்கள், இருந்தால் 1990. இல்லையென்றால் மறுபடி மறுபடி கேட்காமல், நீங்களே சத்தமாக, மெதுவாக மூச்சு விடுங்கள். அவர் தானாக உங்கள் மூச்சோடு சேர்ந்துகொள்வார். பத்துப் பதினைந்து நிமிடம் சென்றதும் வெளி விறாந்தை லைற்றைப் போட்டு, கையைப் பிடித்து, முற்றத்தில் இரண்டு சுற்று மெல்ல நடத்திக்கொண்டு வாருங்கள். திரும்பி வந்ததும் தேத்தண்ணீர் போடப் போகாமல், ஒரு செம்பு தண்ணீரைக் கொடுத்துப் படுக்கவிடுங்கள். காலையில் அதைப் பற்றி அவராகச் சொல்லத் தொடங்கினால் முழுவதையும் கேளுங்கள்.